பாலூட்டும் தாய் பழம் சாப்பிடலாமா?

(உத்தனப்பள்ளியில் நடந்த தாய்-சேய் நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் நலப்பணிக் குழு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்புத் தாய்மார்களே, சகோதரிகளே, மகளையும் மருமகளையும் அழைத்து வந்திருக்கும் பெரியவர்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரர்களே!

பிள்ளை பெற்ற வீடுகளுக்கு நம் குழுச் சகோதரிகள் போகும்போது, பெரும்பாலும் ஒரே கேள்விதான் வருகிறது: "இவளுக்குப் பழம் கொடுக்கலாமா?" கேட்கிறவரே பதிலையும் சொல்லிவிடுவார். வாழைப்பழம் தின்றால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும். மாம்பழம் சூடு, பிள்ளைக்குக் கட்டி வரும். ஆரஞ்சும் திராட்சையும் குளிர்ச்சி. பலாப்பழம் மாந்தம். பப்பாளியின் பேரையே எடுக்கக் கூடாது. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால், நாற்பது நாள் முடியும் வரை அந்தப் பெண்ணின் தட்டில் மிஞ்சுவது சோறும் ரசமும் பூண்டுக் குழம்பும்தான். சில வீடுகளில் நாற்பது நாள் ஆறு மாதமாகவும் நீள்கிறது.

நாம் வாழ்வது மாம்பழத்துக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டம். ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சி நடக்கும் மண் இது. 2025-ஆம் ஆண்டு கோடையில் பெங்களூரா மாங்காய்க்கு விலை இல்லாமல் நம் மாவட்ட விவசாயிகள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். ஊர் முழுக்கப் பழம் இருந்தும், அதிகம் தேவைப்படுகிற ஒருத்திக்கு மட்டும் அது மறுக்கப்படுகிறது. அந்தத் தாயின் உடம்பும், அவள் பாலை நம்பியிருக்கிற பிள்ளையும்தான் இதில் பாதிக்கப்படுகிறார்கள். அதனால்தான் இன்று இதைப் பேச வந்திருக்கிறோம்.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாலூட்டும் தாய்க்குப் பழம் பகை இல்லை. பழுக்க வைத்த முறையும், கழுவாத தோலும், திறந்து கிடந்த துண்டுகளும்தான் பயப்பட வேண்டியவை. பழத்தை நிறுத்த வேண்டாம், சுத்தத்தைக் கவனிப்போம்.

தாயின் உணவு யார் பொறுப்பு?

திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 233-வது வசனம் பாலூட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என்று அது சொல்வது நம் எல்லோருக்கும் தெரியும். அதே வசனம், பாலூட்டும் தாய்க்கு முறையாக உணவும் உடையும் கொடுப்பது பிள்ளையின் தந்தை மேல் உள்ள கடமை என்றும் சொல்கிறது. பிள்ளையின் காரணமாகத் தாய் துன்புறுத்தப்படக் கூடாது என்றும் சொல்கிறது. முதல் பகுதியை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு அடுத்த பகுதியை நாம் நினைவில் வைத்திருக்கிறோமா என்று பின்வரிசைச் சகோதரர்கள் யோசிக்க வேண்டும். அந்த வசனமே யாரையும் சக்திக்கு மீறிச் சுமத்தவும் இல்லை. ஆகவே ஆப்பிளும் கிவியும் வாங்கியே ஆக வேண்டும் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை.

உலக சுகாதார நிறுவனமும் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்றே சொல்கிறது. இத்தனை மாதம் ஓர் உயிரை வளர்க்கிற உடம்புக்கு எவ்வளவு தேவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, முதல் 6 மாதம் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும். அடுத்த 6 மாதத்துக்கு 520 கலோரி. கர்ப்பமாக இருந்தபோது தேவைப்பட்டதைவிட இது அதிகம். ஆனால் நம் வீடுகளில் கர்ப்பிணிக்குக் கிடைக்கும் கவனிப்பு, பிள்ளை பிறந்ததும் தொட்டிலுக்கு மாறிவிடுகிறது.

பழம் என்ன செய்கிறது?

பழத்தில் கலோரி அதிகம் இல்லை. சோறு, பருப்பு, முட்டை, மீன், கறி, கீரை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். பழம் செய்யும் வேலை வேறு.

முதலாவது இரும்புச் சத்து. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. பிரசவத்தில் இரத்தமும் போயிருக்கும். அதனால்தான் பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த மாத்திரையும், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பும் உடம்பில் நன்றாகச் சேர வைட்டமின் சி துணை செய்கிறது. ஒரு நடுத்தரக் கொய்யாவில் தாய்க்கு ஒரு நாளுக்கு வேண்டிய வைட்டமின் சி கிடைத்துவிடும். ஒரு நெல்லிக்காயும் போதும். மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் இந்தப் பலன் குறைந்துவிடும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

இரண்டாவது வைட்டமின் ஏ. தாய் சாப்பிடுவதைப் பொறுத்து பாலில் கூடவோ குறையவோ செய்யும் சத்துகளில் இதுவும் ஒன்று. நன்கு பழுத்த மாம்பழத்திலும் பப்பாளியிலும் இருக்கும் மஞ்சள் நிறச் சத்து உடம்பில் வைட்டமின் ஏ ஆகிறது. பிள்ளையின் கண்ணுக்கும் நோய் எதிர்ப்புக்கும் அது வேண்டும்.

மூன்றாவதைச் சொல்லப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். அது மலச்சிக்கல். தையல் போட்ட பெண், சிசேரியன் ஆன பெண், கழிப்பறைக்குப் போகவே பயப்படுகிறாள். அதற்காகச் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறாள். சிக்கல் இன்னும் கூடுகிறது. நார்ச்சத்துள்ள பழமும் போதிய தண்ணீரும் இதற்கு எளிய மருந்து. கொய்யா, பப்பாளி, வாழை, ஊறவைத்த அத்தி, பேரீச்சை எதுவானாலும் சரி. ஜூஸாகப் பிழிந்தால் நார் போய்விடும். பழமாகவே தின்பது நல்லது.

சளியும் சூடும் எங்கிருந்து வருகின்றன?

பெரியவர்களின் பேச்சை நாங்கள் தட்டிப் பேச வரவில்லை. பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் அவர்கள் பத்தியம் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தாய் குளிர்ந்த பழத்தைத் தின்றாலும், சுடு கஞ்சி குடித்தாலும், மார்பில் சுரக்கும் பால் எப்போதும் உடம்பின் இயல்பான வெப்பத்தில்தான் இருக்கும். பழத்தின் குளிர்ச்சி பாலில் இறங்க வழி இல்லை.

சளி ஒரு கிருமியால் வருகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அண்ணனிடமிருந்தோ, கம்பெனி பஸ்ஸில் கூட்டத்தோடு வந்த அத்தாவிடமிருந்தோ, பிள்ளை பார்க்க வந்து முத்தம் கொடுத்த உறவினரிடமிருந்தோ அது வருகிறது. ஓசூர் பக்கத்துக் குளிரில் எல்லோரும் ஒரே அறையில் கதவை மூடிக்கொண்டு படுப்பதும் ஒரு காரணம். நம் பழிச்சொல் மட்டும் முந்தின நாள் ஏலக்கி வாழைப்பழம் தின்ற தாய் மேல் விழுகிறது. பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமானால், பிள்ளையைத் தூக்குகிறவர்கள் கை கழுவட்டும், இருமல் உள்ளவர்கள் தள்ளி நிற்கட்டும்.

பப்பாளியைப் பற்றிய பயம் கர்ப்ப காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது. காயாக இருக்கும் பப்பாளியில் வடியும் பால் கர்ப்பிணிக்கு ஆகாது என்றுதான் ஒதுக்குவார்கள். பிள்ளை பிறந்த பிறகு அந்தக் காரணம் இல்லை. பழுத்த பப்பாளியைத் தாய் தாராளமாகச் சாப்பிடலாம். பால் ஊறும் என்று பப்பாளிக்காயைக் கூட்டு வைத்துக் கொடுக்கும் வீடுகளும் உண்டு.

மாம்பழத்தால் பாலில் சூடு ஏறாது. ஆனால் காம்பில் வடியும் பால் தோலில் பட்டால் அரிக்கும், புண்ணாகும். பழத்தைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, காம்புப் பக்கத்தை நறுக்கி எறிந்துவிட்டுச் சாப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு கையையும் வாயையும் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தொடுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதும் உண்மை. அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்குத் தாய் தின்ற ஏதோ ஒரு பொருள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படிச் சந்தேகம் வந்தால், அந்த ஒரு பழத்தை மட்டும் சில நாள் நிறுத்திப் பாருங்கள். மறுபடி தின்று பாருங்கள். தடிப்பு, மலத்தில் இரத்தம், விடாத வாந்தி என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பழம் சேரவில்லை என்று ஊரில் உள்ள எல்லாப் பழத்தையும் எல்லாத் தாய்க்கும் தடுப்பது நியாயமில்லை.

பயப்பட வேண்டியது எது?

முதலில் கார்பைடு கல். நம் மாவட்டத்தில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. இந்தக் கல்லில் ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயு கிளம்பிப் பழத்தின் தோலை மஞ்சளாக்கும். கல்லோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சுகளும் சிறிதளவு இருக்கும். அதனால் பழம் பழுக்க வைக்கக் கார்பைடு பயன்படுத்துவதை உணவுப் பாதுகாப்புச் சட்ட விதிகள் தடை செய்திருக்கின்றன. எத்திலீன் வாயுவை மட்டும், அதற்கென அமைத்த அறையில், 100 பிபிஎம் அளவு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. எத்திலீன் என்பது பழம் தானாகப் பழுக்கும்போது வெளிவிடும் அதே வாயுதான்.

கல் வைத்த பழத்தைக் கண்ணால் பார்த்து நூற்றுக்கு நூறு சொல்லிவிட முடியாது. ஆனாலும் சில அடையாளங்கள் உதவும். சீசன் தொடங்கும் முன்பே வரும் பழம், தோல் முழுதும் ஒரே மஞ்சளாக இருந்தும் வாசனையே இல்லாத பழம், மேலே பழமாகவும் உள்ளே வெளுத்துப் புளிப்பாகவும் இருக்கும் பழம், இவற்றை வாங்காதீர்கள். இங்கே நமக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. தெரிந்த தோப்பில் முற்றிய காயாக வாங்கி, வீட்டில் வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்துப் பழுக்க வையுங்கள். கூட ஒரு பழுத்த வாழைப்பழத்தை வைத்தால் சீக்கிரம் பழுக்கும். சில நாள் பொறுத்தால் போதும்.

கடையில் கார்பைடு வைப்பதாகச் சந்தேகம் இருந்தால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்பலாம்.

தெரியாமல் அப்படி ஒரு பழம் தின்றுவிட்டால் பால் விஷமாகிவிட்டது என்று பயந்து பாலை நிறுத்தாதீர்கள். வாந்தி, வயிற்றெரிச்சல், தலைசுற்றல் இருந்தால் தாய் டாக்டரைப் பார்க்கட்டும்.

அடுத்தது தோலில் இருக்கும் மருந்தும் மண்ணும். திராட்சைக்கு அடிக்கடி மருந்து தெளிப்பார்கள். சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கத்திலிருந்து நம் சந்தைக்கு வரும் கருந்திராட்சையைக் கொத்தோடு ஒருமுறை நனைத்து எடுத்தால் போதாது. காம்பிலிருந்து உதிர்த்து, தண்ணீரில் சிறிது நேரம் போட்டு வைத்து, பிறகு குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் அலசுங்கள். ஆப்பிள், கொய்யா போன்றவற்றை ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். அவை தோலின் நுண்துளையில் தங்கிவிடும்.

தோலை உரித்துத் தின்கிற பழத்தையும் கழுவ வேண்டும். தர்பூசணியும் முலாம்பழமும் மண்ணில் கிடந்து விளைகிறவை. கழுவாமல் கத்தி வைத்தால், தோலில் இருக்கும் கிருமியைக் கத்தி உள்ளே கொண்டுபோகும். கத்தியும் பலகையும் கறி வெட்டியதாக இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பழத்துக்கு எடுங்கள்.

மூன்றாவது, வெட்டி வைத்த பழம். ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் வீட்டுக்காரர் அன்போடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வெட்டிய பழம் வாங்கி வருவார். அது எப்போது வெட்டியது, எந்தத் தண்ணீரில் கழுவியது, எத்தனை ஈ உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அதே பணத்துக்கு முழுப் பழமாக வாங்கி வாருங்கள். வீட்டில் வெட்டியதையும் மூடி வையுங்கள். வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தாய்க்குக் கொடுக்காதீர்கள். ஜூஸ் கடையிலும் ஐஸ்கட்டியும் தண்ணீரும்தான் சந்தேகத்துக்கு உரியவை.

பறவையோ வௌவாலோ கடித்த பழத்தை, எவ்வளவு இனித்தாலும், எறிந்துவிடுங்கள். 2018-ல் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் வந்தபோது இதைத்தான் சொன்னார்கள். தோப்பு உள்ள வீடுகளில் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இவ்வளவு கவனித்தும் தாய்க்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்? பாலை நிறுத்தக் கூடாது. வயிற்றுப்போக்குக் கிருமி பால் வழியாகப் பிள்ளைக்குப் போவதில்லை, கழுவாத கை வழியாகத்தான் போகிறது. தாய் ஓஆர்எஸ் கரைசலும் தண்ணீரும் குடித்து, கையைச் சோப்பால் கழுவிப் பாலூட்டட்டும். காய்ச்சல் இருந்தாலோ மலத்தில் இரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சர்க்கரை உள்ள தாய்மார்களுக்கு

கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் பிரசவமாகி 6 வாரத்தில் மறுபடி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பலர் போவதில்லை. அவர்களும் பழம் சாப்பிடலாம். கொய்யா, பப்பாளி, நாவல் போன்றவற்றை அளவோடு, ஜூஸாக்காமல், சர்க்கரை தூவாமல் சாப்பிடலாம். மாம்பழம் என்றால் ஓரிரு துண்டு. பேரீச்சம்பழம் நல்லதுதான், ஆனாலும் அதில் இருப்பது பெரும்பகுதி சர்க்கரை. எத்தனை சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரமலானில் பாலூட்டும் தாய், தன் உடம்புக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சினால் நோன்பை விட மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. பின்னர் எப்படி நிறைவேற்றுவது என்று ஆலிம்களிடம் கேளுங்கள். நோன்பு வைக்கிறவர்கள் இஃப்தாரில் வடை, சமோசாவுக்கு முன் பேரீச்சம்பழம், தண்ணீர், தர்பூசணி எடுத்துக்கொள்ளுங்கள். ஸஹரில் ஒரு பழத்தை விட்டுவிடாதீர்கள்.

பழம் தாய்க்கு, பால் பிள்ளைக்கு

பழம் நல்லது என்றோம் என்பதற்காக ஒரு மாதப் பிள்ளையின் வாயில் ஆரஞ்சுச் சாறு பிழிந்துவிடாதீர்கள். முதல் 6 மாதம் பழச்சாறு, தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். பால் பெரும்பகுதி தண்ணீர்தான். கோடையிலும் பிள்ளையின் தாகத்துக்கு அது போதும். 6 மாதம் முடிந்ததும் மசித்த வாழைப்பழம், பப்பாளி, மாம்பழம் கொடுக்கத் தொடங்கலாம்.

தஹ்னீக் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அந்த சுன்னத்தைச் செய்கிறவர்கள் கையையும் வாயையும் நன்றாகச் சுத்தம் செய்துகொள்ளட்டும். பேரீச்சம்பழத்தின் மென்மையான சாற்றை விரல்நுனியில் தொட்டு அண்ணத்தில் தடவுவதோடு நிற்கட்டும். இருமலோ வாய்ப்புண்ணோ உள்ளவர்கள் செய்ய வேண்டாம். குறைமாதப் பிள்ளை, இன்குபேட்டரில் இருக்கும் பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்ட பிறகே செய்யுங்கள். ஒரு வயது வரை தேன் மட்டும் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பணம் எங்கே போவது?

காய்கறியும் பழமும் சேர்த்து ஒரு நாளுக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்குக் கணக்கு எளிது. தினமும் இரண்டு பழம். ஒன்று கொய்யா, நெல்லி, ஆரஞ்சு போலப் புளிப்போ துவர்ப்போ உள்ளது. இன்னொன்று பப்பாளி, மாம்பழம், வாழை போன்றது. மற்றது கீரையும் காயும். எந்தக் காலத்தில் எது நம் ஊரில் குவிகிறதோ அதுவே விலையும் குறைவு, வந்து சேரும் தூரமும் குறைவு. மாம்பழம் முடிந்தால் சீத்தா வரும். கொய்யாவும் வாழையும் எப்போதும் கிடைக்கும். வீட்டு முற்றத்தில் ஒரு பப்பாளி நட்டால் ஓர் ஆண்டுக்குள் காய்க்கத் தொடங்கும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் இருக்கிறது. அது வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கோ மற்றப் பிள்ளைகளுக்கோ இல்லை, தாய்க்கு. பதிவு செய்யாதவர்கள் நம் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். விவரம் வேண்டுவோர் 104 என்ற எண்ணிலும் பேசலாம். படிவம் நிரப்ப உதவி வேண்டுமானால் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், நாங்கள் நிரப்பித் தருகிறோம்.

சகோதரர்களே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைக்குச் சட்டையும் பொம்மையும் வாங்கும் நாளில் பிள்ளையின் தாய்க்கு அரைக் கிலோ கொய்யா வாங்குங்கள். வாங்கியதைக் கழுவி, வெட்டி, ஒரு தட்டில் வைத்து நீங்களே கொடுங்கள். பிள்ளை மார்பில் இருக்கும்போது அவளால் எழுந்து போய் எடுத்துக்கொள்ள முடியாது.

மாமியார்மார்களே, உங்கள் சொல்லுக்குத்தான் வீட்டில் மதிப்பு. நாங்கள் நூறு முறை சொல்வதைவிட, "சாப்பிடும்மா, ஒன்றும் ஆகாது" என்று நீங்கள் ஒருமுறை சொன்னால் அந்தப் பெண் பயமில்லாமல் சாப்பிடுவாள்.

நம் தாய்மார்களுக்கு ஆரோக்கியத்தையும், பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளையும், நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.